கணையத்துக்கு ஒரு பத்திரிகை

எங்கள் ஸ்கேன் அறையில் கணையத்தைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் பத்திரிகை வைக்க வேண்டும். ஈரலுக்கு அது தேவையில்லை. கூப்பிடாமலே முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரைப்பையும் அப்படித்தான். கணையம் மட்டும் முறை பார்க்கும். முறையாக அழைக்காவிட்டால் இரைப்பைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அப்புறம் எவ்வளவு பெரிய இயந்திரம் வைத்தும் பிரயோஜனம் இல்லை. பதினாறு வருஷமாக இங்கே படம் எடுக்கிறேன். இந்தக் கணையங்களின் வீம்பு எனக்கு அத்துப்படி.

இசக்கியப்பன் பஸ் கண்டக்டர். ஐம்பத்து நாலு வயதில் திடீரென்று சர்க்கரை வந்து, நாலே மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கி, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கணையத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும்படி டாக்டர் ஜெசிந்தா எழுதியிருந்தார். பத்திரிகையை வீட்டாள்தான் எழுத வேண்டும். அவர் மனைவி வடிவு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுவந்தார். அதை இசக்கியப்பனின் தொப்புளுக்கு மேல் நாலு விரல் தள்ளி வைத்தேன். நரம்பில் மருந்து ஏற்றி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நாற்பதாவது வினாடியில் கணையம் வந்தது. தனியாக வந்தது. பார்க்கச் சுத்தமாக இருந்தது.

வடிவு கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். டாக்டர் மட்டும் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கணையத்தின் நடுவே ஓடும் குழாய் பாதி தூரத்துக்கு வீங்கியிருந்தது. ஏதாவது அடைத்தால்தான் இப்படி வீங்கும், அடைத்த ஆள் எங்கே என்று கேட்டார். பிறகு பத்திரிகையை வாங்கிப் படித்தார். தேதி, நேரம், இடம் எல்லாம் இருந்தது. 'சுற்றமும் நட்பும் சூழ' என்பதை மட்டும் காணோம். கணையம் மரியாதை தெரிந்தது. அழைக்காத ஆளைக் கூட்டிவரவில்லை.

வடிவு தலையைக் குனிந்துகொண்டார். அது மறந்துபோய் விட்ட வரி அல்ல.

"வேண்டாத ஆள நானே வாங்கன்னு எப்படி எழுதட்டும், டாக்டரம்மா?"

"எழுதலன்னா இல்லாமப் போயிருமா? வரவழச்சாத்தான எங்க நிக்குதுன்னு பாக்க முடியும்."

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார்கள். வடிவு எழுதி எழுதிக் கிழித்ததில் இரண்டு தாள் வீணானது. மூன்றாவதில் அந்த வரியை முதலிலேயே எழுதி முடித்துவிட்டார். இவ்வளவு வருஷ அனுபவம் இருந்தும், பொத்தானை அழுத்துமுன் அந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

கணையம் வந்தது. அதன் பின்னாலேயே கட்டியும் வந்தது. சுண்டைக்காய் அளவுதான், பதினாலு மில்லிமீட்டர். பக்கத்தில் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஒட்டாமல், புது இடத்துக்கு வந்த கூச்சத்தோடு தள்ளி நின்றது. ஈரலில் அதற்குச் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று டாக்டர் தேடினார். ஒருவரும் இல்லை.

"ரத்தக்குழாயத் தொடல. முழுசா எடுத்துரலாம்."

வடிவு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேசையில் படுத்திருந்த இசக்கியப்பன், இனி மூச்சை விடலாமா என்று சைகையில் கேட்டார். விடச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் படத்தின் பின்வரிசையைக் கவனித்தேன். இசக்கியப்பனுக்கு இனி வரப்போகும் வருஷங்களும் பத்திரிகையை மதித்து வந்திருந்தன. உயரவாரியாக நின்றுகொண்டிருந்தன. வடிவு திரையில் விரல் வைத்து எண்ணினார். பதினெட்டு வரை தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்புறம் நின்றவை ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தன. எல்லோரையும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்லி, இன்னொரு படம் எடுத்தேன்.