மறு கால்

நான் விழவில்லை என்பதுதான் என் மேல் விழுந்த குற்றம்.

முதலில் சேறுதான் குற்றமாக இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசலில் ஓடினால், பத்தடி போவதற்குள் ஒவ்வொரு பாதத்திலும் ஒரு கிலோ மண் அப்பிக்கொள்ளும். நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் முழங்கால் புதையப் பனியில் நடப்பார்கள். எங்கள் கூடைப்பந்து அணிக்குப் பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் இருந்த தரிசுக்காடு. தூக்கிப் பழக இரும்புக் குண்டுகூட இல்லாத பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் பார்வதியம்மாள் கண்டுபிடித்த வழி அது. மண்ணோடு ஓட வேண்டும், கழுவிவிட்டுக் குதிக்க வேண்டும், பிறகு பந்தைத் தலைக்கு மேல் பிடித்து ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

"பந்துக்குத் தாவுதது பெருசில்லட்டி. இறங்கும்போது ஒரு கால்தான் மொதல்ல தரையத் தொடும். அது ஆடிச்சுன்னா முட்டி போச்சு" என்பார். வலக்காலுக்கு எவ்வளவு நேரமோ, இடக்காலுக்கும் அவ்வளவு நேரம். அதில் ஒரு நிமிடம் குறைக்க விடமாட்டார்.

எழுபத்தெட்டில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் பாளையங்கோட்டையில் போட்டி. அன்று காலை பத்து மணிக்கே பஸ். வகுப்பாசிரியர் அழகிரிசாமி சார் பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டால் கிளம்ப வேண்டியதுதான். காலைப் பயிற்சி முடிந்து, மணி அடித்த அவசரத்தில் விரலிடுக்குச் சேற்றோடு வகுப்புக்குள் போய்விட்டேன்.

"ஏட்டி வெள்ளைத்தாயி, இது கிளாஸா, ஒங்க ஆட்டுக் கிடையா? வெளிய போயி ஒத்தக் கால்ல நில்லு."

ஐந்து நிமிடத்தில் தள்ளாடி, காலை ஊன்றி, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டால் உள்ளே விடுவார். எல்லோரும் அப்படித்தான் உள்ளே போனார்கள்.

நான் நின்றேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. சார் சாக்பீஸோடு வெளியே வந்தார்.

"என்னட்டி, ஆடாம நிக்கே?"

"நிக்கத்தானே சார் சொன்னிய."

உள்ளே யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். சார் முகம் கறுத்தது.

"திமிரு! ஒங்க அப்பன் ஆட்டுக்குப் பின்னால கம்ப ஊனி ஒத்தக் கால்ல நிக்கான்லா, அந்தப் பரம்பரைப் புத்தி. ஒனக்கெல்லாம் எதுக்குட்டி பாளையங்கோட்டை?"

அப்பா அப்படித்தான் நிற்பார். ஒரு பாதத்தை மறுமுட்டியில் ஊன்றி, கம்பை அக்குளில் கொடுத்து, அரைநாள் நிற்பார். அது அவருக்கு ஓய்வு. அதை இந்த ஆள் தண்டனையாக்கிவிட்டு, நான் துன்பப்படவில்லை என்று கோபப்படுகிறார். சொல்ல வாய் வரை வந்தது.

நான் வெளியே வந்ததிலிருந்தே தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் பட்டியலோடு வந்தார்.

"மொதல்ல அவ விழட்டும். அப்புறம் கையெழுத்து" என்றார் சார்.

"பிள்ளை ஒழுங்காத்தானே நிக்கா சார்?"

"அதான் சொல்லுதேன்."

டீச்சர் என் காதருகே குனிந்தார். "லேசா ஆடிக் கால ஊனிருட்டி. அவிய மனசு ஆறட்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சார் சொன்னதைவிட அதுதான் சுட்டது. மூன்று மாதம் ஆடாதே ஆடாதே என்று நிற்கவைத்த வாய், இப்போது ஆடு என்கிறது. எனக்குப் பதிலாட்டக்காரியான ஆவுடைத்தாய்கூட வாசலில் பையோடு நின்று, விழுந்துரு, விழுந்துரு என்று கையைக் காட்டினாள்.

தூக்கியிருந்த காலை ஊன்றினேன்.

சார் சிரித்தார். பேனா மூடியைத் திறந்தார். "இப்பம் மன்னிப்புக் கேளு."

நான் மற்றக் காலைத் தூக்கினேன்.

"அந்தக் கால் முடிஞ்சிட்டு சார். இனி இது."

என் பெயரை, தாள் கிழியும்படி அடித்தார். மிச்சப் பேருக்குக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். டீச்சர் வாங்கிக்கொண்டு நடந்தார். நாலடி போனவர் திரும்பி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முட்டிய விறைக்காத, லேசா மடக்கு" என்றார், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. "பார்வை தூரமா இருக்கணும். வலக்காலு பதினாலு நிமிஷம். இதுக்கும் பதினாலு. திங்கக்கிழமை வந்து கேப்பேன்."

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது ஒன்பதாவது நிமிடம். சார் மறுபடியும் வாசலுக்கு வந்து நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்வை தூரமாக இருக்க வேண்டும்.