நான்காம் எண் சட்டை

நாற்காலி மேல் ஏறி நின்ற நேலிதா ஃபிரேமைக் கொக்கியிலிருந்து பாதி கழற்றிவிட்டாள். கீழே ஓடி வந்த கேன்டீன்காரர் அதன் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அதை எடுக்கக் கூடாதும்மா. தலைவர் சொல்லியிருக்கார்."

தன் தங்கை காலையில் இறந்துவிட்டதை நேலிதா சொன்னாள். அவர் ஒரு கையால் தொப்பியைக் கழற்றினார். அவருக்குக் கண் கலங்கியது. மாபெல் மாதிரி ஒருத்தி இனி இந்தக் கிளப்புக்குக் கிடைக்கமாட்டாள் என்றார். மற்றக் கை ஃபிரேமை விடவில்லை.

கண்ணாடிக்குள் வெளிர்நீலச் சட்டை இருந்தது. மார்பில் தேசிய அணியின் சின்னம். கீழே பித்தளைத் தகட்டில் 'மாபெல் இதுரால்தே, தடுப்பாட்டக்காரி' என்று பொறித்திருந்தது. பதினோரு வருடம் அர்ஜென்டினாவுக்காக ஹாக்கி ஆடியவளிடம் மிஞ்சிய ஒரே சட்டை அது. மற்றவற்றை ஆட்டம் முடிந்த கையோடு எதிரணிக்காரிகளிடம் கொடுத்து அவர்களுடையதை வாங்கி வந்துவிட்டாள். ஜெர்மனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குவாள். நெதர்லாந்துச் சட்டையால் நேலிதா பல வருடம் சமையலறைத் தரையைத் துடைத்தாள். நல்ல பருத்தி, தண்ணீரை நன்றாக உறிஞ்சும். மிஞ்சிய ஒன்றையும் கிளப் ஆண்டுவிழாவின்போது, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல், சுவரில் மாட்டக் கொடுத்துவிட்டாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் நேலிதா ஒரு புது மேல்சட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கருநீலம், சிறிய காலர். வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்றாள். மாபெல் அதையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள்.

"அது வேணாம்க்கா. கிளப்ல தொங்குதே, அதைப் போட்டுவிடு எனக்கு."

"அந்தக் கந்தலையா? பேசாம தூங்கு."

மாபெல் தூங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன சொல் கேட்டாள். அதன் பிறகு அவள் கண் விழிக்கவில்லை.

இறுதிச் சடங்கு நிலையத்தில் ராமிரோ என்ற இளைஞன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டான். உடை ஆறு மணிக்குள் வந்தால் போதும், ஏழு மணிக்குக் கதவைத் திறந்து ஆட்களை உள்ளே விடுவோம், நாளைக் காலை அடக்கம் என்றான். கருநீல மேல்சட்டை நேலிதாவின் பையிலேயே இருந்தது. அதை அவனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கிளப்புக்கு டாக்சி பிடித்தாள்.

கேன்டீன்காரர் தலைவரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். தலைவர் ஒஸ்வால்தோ முதலில் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு விதியைச் சொன்னார். போன வருடம் ஒரு உறுப்பினர் கோப்பை ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் அதில் செடி வைத்துவிட்டார். அன்றிலிருந்து சுவரில் இருக்கும் எதையும் கமிட்டி கூடி ஒப்புக்கொள்ளாமல் வெளியே விடுவதில்லை. குறைந்தது ஐந்து பேராவது கூட வேண்டும். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை.

"வியாழக்கிழமை அவ மண்ணுக்குள்ள இருப்பா, தலைவரே."

"எனக்குப் புரியுது நேலிம்மா. ஆனா நானே போட்ட விதி. நானே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்?"

நேலிதா நாற்காலியிலிருந்து இறங்கினாள். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் இன்று மாலை எங்கே இருப்பார்கள் என்று கேட்டாள். துக்கத்துக்குத்தான் வருகிறோம் என்றார் தலைவர். அப்படியானால் சீக்கிரம் வந்து அங்கேயே கூடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

ஐந்து மணிக்குள் நிலையத்தின் நடைக்கூடம் நிரம்பிவிட்டது. உள்ளறை இன்னும் மூடியிருந்தது. வந்தவர்கள் சுவரோரம் நின்று காப்பி குடித்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கிளப்பின் பெண்கள் நாலு தட்டு சாண்ட்விச்சோடு வந்தார்கள். அதில் ஒரு சிக்கல் கிளம்பியது. ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்குச் சாப்பாடு போடுவது உள்ளூர் அணியின் வேலை. இங்கே உள்ளூர்க்காரர்கள் நாங்கள், நீங்கள் எப்படிக் கொண்டுவரலாம் என்று கேன்டீன்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். அவரும் மூன்று தட்டு கொண்டுவந்திருந்தார். எதை முதலில் வைப்பது என்று பேசினார்கள். நேலிதா ஏழு தட்டுகளையும் ஒரே மேசையில் கலந்து அடுக்கினாள்.

கமிட்டியில் நாலு பேர் வந்திருந்தார்கள். ஐந்தாவது ஆள், பொருளாளர், பல் மருத்துவர். கடைசி நோயாளி வாயைத் திறந்தபடி இருக்கிறார் என்று செய்தி வந்தது.

காத்திருந்த நேரத்தில் ஹோர்ஹெலினா நேலிதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கிளப்பின் முன்னாள் முன்கள ஆட்டக்காரி. பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் கோல் அடித்த படங்கள் பத்திரிகையில் வரும். அந்தப் படங்களின் ஓரத்தில் சில சமயம் ஒரு முழங்கை தெரியும். அது மாபெலின் கை என்று நேலிதாவின் அம்மா பேனாவால் வட்டம் போட்டு வைப்பாள்.

"உங்க தங்கச்சி எத்தனை கோல் அடிச்சா தெரியுமா?" என்றாள் ஹோர்ஹெலினா.

"ஒண்ணுகூட அடிக்கல. பதினோரு வருஷம். நானும் கேட்டிருக்கேன், அங்க என்னதான்டி பண்றேன்னு."

"பெனால்டி கார்னர்ல நாங்க அடிக்க நிப்போம். கோல் வாசல்லருந்து ஒருத்தி நேரா எங்களைப் பாத்து ஓடி வரணும். பந்து அவ மேல படலாம், படாமப் போகலாம். எந்த அணியிலயும் அந்த வேலைக்கு ஆள் சிக்காது. இவ கேட்டு வாங்கிக்குவா. சிரிச்சுக்கிட்டே வேற வருவா. அந்தச் சிரிப்பைப் பாத்து நான் எத்தனை பந்தை வெளிய அடிச்சிருக்கேன்."

"ராத்திரி முட்டிக்கு ஐஸ் வெச்சது நான். அப்ப சிரிக்கமாட்டா."

ஹோர்ஹெலினா காப்பிக் கோப்பையைக் கை மாற்றிப் பிடித்தாள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் வளைந்திருந்தது. மாபெலுக்கும் அதே விரல்தான் வளைந்திருந்தது.

பொருளாளர் வெள்ளைக் கோட்டோடு வந்து சேர்ந்தார். காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் ஐந்து பேரும் கூடினார்கள். கிளப்பின் சொத்தை மண்ணில் புதைப்பது இரவல் ஆகுமா, நன்கொடை ஆகுமா என்று பொருளாளர் கேட்டார். இரவல் என்றால் திருப்பித் தர வேண்டும். ஒருவர் சாண்ட்விச்சை மென்றுகொண்டே நன்கொடை என்றார். அப்படியானால் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். சட்டையைக் கொடுத்தவளே கேட்டிருக்கிறாள், இது திருப்பிக் கொடுப்பதுதான் என்றார் ஒஸ்வால்தோ. இதைச் சொல்லிவிட்டுத் தானே அசந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார்.

நேலிதா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கையைத் தூக்குறீங்களா, இல்ல நான் போய் கண்ணாடியை உடைக்கட்டுமா?"

ஐந்து கைகள் உயர்ந்தன. ஒரு கையில் காப்பிக் கோப்பை இருந்தது.

ஒஸ்வால்தோ தன் காரிலேயே போய் ஃபிரேமைக் கொண்டுவந்தார். ராமிரோ அதை ஒரு மேசையில் கவிழ்த்துப் பின்னட்டையின் ஆணிகளைப் பிடுங்கினான். நிமிர்த்திக் கண்ணாடியை எடுத்தான். சட்டையின் தோளைப் பிடித்துத் தூக்கினான். சட்டையோடு பலகையும் மேலே வந்தது.

"ஒட்டியிருக்கு," என்றான்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒஸ்வால்தோ மட்டும் பார்க்கவில்லை.

"சரிஞ்சு தொங்கிடக் கூடாதில்ல," என்றார். "நானே என் கையால ஒட்டினேன். செருப்புத் தைக்கிறவங்க பயன்படுத்துவாங்களே, அந்தப் பசை. ஆயுசுக்கும் விடாதுன்னு கடைக்காரர் சொன்னார்."

"விடலையே," என்றாள் நேலிதா.

"சின்னம் முன்னாடி தெரியணும்னுதான் முதுகை ஒட்டினேன். இதைக் கேட்டு வாங்குவாங்கன்னு யாரு நினைச்சா, நேலிம்மா."

பொருளாளர் ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். பல் வைத்தியத்தில் ஒரு கரைப்பான் இருக்கிறது, ஆனால் துணியையும் கரைத்துவிடும் என்றார். வெந்நீர் ஊற்றலாம் என்றது ஒரு குரல். ஐஸ் வைக்கலாம் என்றது இன்னொன்று. பலகையோடு சேர்த்து உள்ளே வைத்துவிடலாமே என்று கேன்டீன்காரர் சொன்னார். நேலிதா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தட்டுகளைச் சரி பண்ணப் போய்விட்டார்.

ஆறு மணி தாண்டிவிட்டது. அவள் பையைத் திறந்து கருநீல மேல்சட்டையை வெளியே எடுத்தாள். அது மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ராமிரோ மெதுவாகச் சொன்னான். "நாங்க எல்லாருக்கும் முதுகுப் பக்கம் வெட்டித்தான் போடுவோம்மா. கை உள்ள நுழையாது, அதனால. மல்லாந்து படுத்திருக்கவங்களுக்கு முதுகுத் துணி தேவையில்ல."

"முன்பக்கம் மட்டும் போதுமா?"

"கையும் முன்பக்கமும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"அப்ப வெட்டு."

ஒஸ்வால்தோ வாயைத் திறந்தார். பொருளாளர் அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

ராமிரோ சிறிய கத்தியால் இரண்டு பக்கத் தையலையும் அறுத்தான். தோளின் மேலாகக் கழுத்தைச் சுற்றி வந்தான். கைகள் முன்பக்கத்தோடு சேர்ந்து கழன்று வந்தன. முதுகு பலகையிலேயே தங்கிவிட்டது.

உள்ளறையில் நேலிதாவே உடுத்தினாள். கைகளை மட்டும் ராமிரோ தூக்கிப் பிடித்தான். நோயில் மாபெல் மெலிந்துபோயிருந்தாள். சட்டை அவளுக்கு இப்போது பெரிதாக இருந்தது. தொளதொளத்த பகுதியை இரண்டு விலாவுக்கும் கீழே செருகினாள். கழுத்துப் பட்டையை நிமிர்த்திவிட்டாள். அது மடிந்தது. மறுபடி நிமிர்த்தினாள். ஆடப் போகிற நாட்களிலும் மாபெல் அதை ஒழுங்காகப் போட்டதில்லை. வாசல்வரை பின்னாலேயே போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இப்போது இன்னொருமுறை இழுத்துவிட்டதும் நின்றது.

"அசையாம இருந்தா இதெல்லாம் ஒரு வேலையா," என்றாள்.

ராமிரோ கதவைத் திறக்கலாமா என்று கேட்டான். தலையாட்டினாள்.

ஆட்கள் வரிசையாக உள்ளே போனார்கள். ஹோர்ஹெலினா முதலில் போனாள். நேலிதா நடைக்கூடத்துக்கு வந்தாள். ஒஸ்வால்தோ இன்னும் மேசையருகில் பலகையோடு நின்றிருந்தார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இதை இனி எப்படி மாட்டுறது, நேலிம்மா? நம்பர் இருக்கிற பக்கம் பலகையில ஒட்டிக்கிச்சு. உள்பக்கம்தான் தெரியுது."

அவள் பலகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். துணியின் உள்பக்கத்தில் நாலு என்ற எண் இடவலம் மாறித் தெரிந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு நூலில் நெருக்கமான தையல் ஓடியது. அந்தக் காலத்தில் ஹாக்கிச் சங்கம் சட்டையை மட்டும்தான் கொடுக்கும். எண்ணை அவரவர் வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். விமானம் ஏறுகிற அன்று வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. பழுப்பில் தைத்தால் அசிங்கமாக இருக்கும் என்று ஊசியும் கையுமாக நேலிதா கத்தினாள். பெட்டி மேல் உட்கார்ந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்த மாபெல், உள்பக்கத்தை யார்க்கா பாக்கப்போறா என்றாள்.

"சொல்லுங்க நேலிம்மா, எப்படி மாட்ட?"

"இப்படியே மாட்டுங்க."

நாலின் கீழ்முனையில் முடிச்சுக்கு வெளியே ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது. அவசரத்தில் வெட்டாமல் விட்டது. அவள் பலகையை முகத்தருகே கொண்டுபோய், குனிந்து, அதைப் பல்லால் கடித்து அறுத்தாள். வாயில் பசை நாற்றம் அடித்தது. நாக்கிலிருந்து நூலை எடுத்து விரலில் சுற்றியபடி உள்ளே போனாள்.