தனசிங் மறுபடி கேட்டில் நின்ற நாள்

போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஷைனா தணிந்த குரலில் பேசினாள். பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடியது. பெரியம்மாவுக்கும் சித்திக்கும் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ஷார்ஜாவில் ஓட்டல் வரவேற்பில் நாளெல்லாம் ஆங்கிலம் தட்டுகிறவளுக்குத் தமிழ் தட்டப் பொறுமை கிடையாது.

'அப்பாவுக்கு மூணு நாளா புத்தி பெரண்டு போச்சு எங்களையே யாருன்னு கேக்கறாரு வலி மாத்திரையாலதான்னு ஸ்டெபின் அண்ணன் சொல்றான் எல்லாரும் ஜெபம் பண்ணுங்க'

குடும்ப குரூப்பில் அனுப்பிவிட்டாள். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் அப்பாவுக்குக் கொடுக்கவேண்டிய மார்ஃபின் வலி மாத்திரைகள் இரண்டும் அவள் ஸ்வெட்டர் பையில் கிடந்தன.

அப்பா தனசிங்குக்கு ப்ராஸ்டேட்டில் வந்த புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. இனி வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூரில் சொல்லிவிட்டார்கள். வாரம் இரண்டு தடவை குன்னூரிலிருந்து நர்ஸ் சுகுணா வந்து பார்ப்பார். அவருக்குத் தெரியாமல்தான் குவைத்திலிருந்து ஸ்டெபின் யோசனை சொல்லியிருந்தான்.

"அது போதை மருந்து பாப்பா. அதான் மனுசன் ஒளர்றாரு. நிறுத்திப் பாரு, தெளிஞ்சிரும். சிஸ்டர்கிட்ட மூச்சு விடாத."

ஷைனாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம். இன்று வியாழன். லீவில் வந்த முதல் வாரம் அப்பா நன்றாகத்தான் பேசினார். அவள்தான் போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டினாள். போவதற்குள் ஒரு தடவையாவது அவர் தன்னை அடையாளம் தெரிந்து பேசிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தெளிவதாகக் காணோம். பத்து மணிக்கு மேல் வலியும் சேர்ந்துகொண்டது. தனசிங் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அறைக்கு வருகிற ஆட்களையெல்லாம் நிறுத்தினார். அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரி கேட்டில் இருபத்தெட்டு வருடம் அவருக்கு அதுதான் வேலை. தீப்பெட்டி, பீடி, லைட்டர், பின்னாளில் மொபைல் – எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போகாது.

அம்மா தபித்தாள் கஞ்சியோடு வந்தாள்.

"நில்லு. பாக்கெட்டைக் காட்டு."

"ஏனுங்க, சேலையில ஏதுங்க பாக்கெட்டு?"

"அப்ப முந்தானையை உதறு."

"முப்பத்தஞ்சு வருசமா உதறித்தான் குடுத்தனம் நடத்தறேன். இந்தாங்க, ஆறிப்போவுது."

ஷைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா, இது ஊடு. ஃபேக்டரி இல்ல. நீங்க ரிட்டயர் ஆகி அஞ்சு வருசமாச்சு."

தனசிங் தன் காக்கி ஸ்வெட்டரைத் தொட்டுக் காட்டினார். "ரிட்டயர் ஆனவன் எதுக்கும்மா யூனிஃபார்ம் போட்டிருக்கான்? யாரு நீ, புது ஆளா?"

கட்டிலில் இருந்தபடியே காலை வீசி உதைத்தார். அம்மா கையிலிருந்த கஞ்சி கவிழ்ந்தது. ஷைனா அவர் கையைப் பிடித்து அமுக்க, அவர் கத்த, அந்தச் சத்தத்தில்தான் சுகுணா சிஸ்டர் உள்ளே வந்தார்.

"நில்லு!"

சுகுணா நின்றார். ஷைனாவின் அழுத முகத்தையும் கவிழ்ந்த கஞ்சியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"பாருங்க ஐயா. எல்லாத்தையும் பாத்துட்டே விடுங்க."

தனசிங்கின் தோள் கொஞ்சம் இறங்கியது. சுகுணா பையைத் திறந்து, கையுறை, ட்யூப், பஞ்சு என்று ஒவ்வொன்றாக அவர் மடியில் எடுத்து வைத்தார். போனையும் வைத்தார். "வெளிய போறப்ப வாங்கிக்கறேனுங்க." தனசிங் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். வேலை ஒழுங்காக நடந்தது.

"நீங்க போலாம். இந்தப் புது ஆளு?"

சுகுணா கண்ணால் சைகை காட்டினார். ஷைனா கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பாவின் விரல்கள் ஸ்வெட்டர் பைக்குள் போய், காகிதத்தில் சுற்றிய இரண்டு மாத்திரைகளோடு வெளியே வந்தன.

"இதென்ன?"

"மாத்திரைப்பா."

"யாருது?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் எதையும் நம்பியிருப்பார். ஆனால் அவர் நெற்றியில் வலியால் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"உங்களுதுப்பா." திரும்பிச் சுகுணாவைப் பார்த்துச் சொன்னாள். "காலையிலருந்து ரெண்டு வேளை குடுக்கல சிஸ்டர். அண்ணன் நிறுத்தச் சொன்னான். நான்தான் நிறுத்தினேன்."

தபித்தாள் நெஞ்சில் கை வைத்தாள். "அடிப்பாவி! காலையிலருந்து துடிக்கறாரேன்னு நான் பைபிளெடுத்துச் சங்கீதம் வாசிச்சுட்டிருக்கேன்."

சுகுணா திட்டவில்லை. தனசிங்கைப் படுக்கவைத்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லுப் போல இருந்தது.

"ஒண்ணுக்குப் போறாரா?"

"துணி நனையுதுங்க சிஸ்டர். அதனால போகுதுன்னு இருந்துட்டோம்."

"அது போறதில்லம்மா, நெறஞ்சு வழியறது. மூணு நாளா உள்ள அடைச்சுக் கிடக்குது. இந்த நெலமையில இருக்கறவங்களுக்கு மூத்திரம் கட்டினாலே மண்டை கலங்கிரும். சளி, காய்ச்சல், மலச்சிக்கல், மருந்து, எதுலயும் கலங்கும். இது பைத்தியம் இல்ல."

டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மூத்திரம் இறங்க ட்யூப் போட்டார். அதன் பையில் முக்கால் லிட்டருக்கு மேல் இறங்கியது. இறங்க இறங்கத் தனசிங்கின் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. மார்ஃபின் ஒன்று, குழப்பத்துக்குச் சின்ன மாத்திரை ஒன்று. பிறகு சுகுணா திரைச்சீலையை ஒதுக்கினார். குளிருக்குப் பயந்து நான்கு நாளாக இழுத்து மூடியிருந்தது. அலமாரிமேல் கிடந்த கண்ணாடியைத் துடைத்து அவருக்கு மாட்டினார்.

"பகல் எது, ராத்திரி எதுன்னு அவருக்குத் தெரியணுமில்ல? எதுத்து வாதாடாதீங்க. யாருன்னு கேட்டா பேரைச் சொல்லுங்க, போதும்."

"தெளிஞ்சிருவாரா சிஸ்டர்?"

"ரெண்டு நாள்ல தெளியலாம். தெளிஞ்சுட்டு மறுபடி வரவும் செய்யலாம். வியாதி முத்திருச்சு ஷைனா, பொய் சொல்ல மாட்டேன்."

சுகுணா போனதும் ஷைனா வாசற்படியில் நின்று மறுபடி போனில் பேசினாள்.

'ஸ்டெபின் அண்ணா மாத்திரையால இல்ல ஒண்ணுக்குக் கட்டிக்கிட்டுத்தான் அப்பா அப்படி ஆனாரு நாம நிறுத்தினதுல அவரு வலியில துடிச்சதுதான் மிச்சம் அது உன் தப்பும் என் தப்பும் இனி நேரத்துக்குக் குடுப்பேன் நீ டிக்கெட் போடு இப்பவே போடு'

எல்லாரும் இருக்கிற குடும்ப குரூப்பிலேயே அனுப்பினாள். சித்தி அழுகிற முகம் ஒன்று போட்டாள். சாயங்காலம் ஸ்டெபினிடமிருந்து டிக்கெட்டின் படம் மட்டும் வந்தது. செவ்வாய்க்கிழமை.

வெள்ளி முழுவதும் தனசிங் தூங்கினார். சனிக்கிழமை மத்தியானம், ஷைனா அவர் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். போன் அடுத்த அறையில் இருந்தது. அவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் அவளையே பார்த்தார்.

"ஷைனா பாப்பாவா? எப்ப வந்தே?"

அவள் கை நின்றது. பத்து நாளுக்கு மேலாகிறது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வந்து கொஞ்ச நாளாச்சுங்கப்பா."

"ஒரு வார்த்த சொல்லல பாரு உங்கம்மா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எளச்சுட்டியே. அங்க சோறு போடறாங்களா, இல்லியா?"

"போடறாங்கப்பா. எல்லாம் கேரளாச் சமையல்."

"குண்டரிசியா?"

"ஆமாங்கப்பா."

"அதான்." அவர் தலையை ஆட்டினார். "சரி, சொல்லு. என்ன வேலை, எத்தனை மணிக்குப் போவே, எல்லாஞ் சொல்லு."

முதல் வாரம் இதையேதான் கேட்டிருந்தார். ஷைனா கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து, காலையில் பஸ் ஏறுவதிலிருந்து ஆரம்பித்தாள்.