எழுபத்தைந்தில் நிற்காத முள்

...அவன்தான், அவனை விட்டால் வேறு யார், இந்த வீட்டில் ரெகுலேற்றர் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி அவள், மற்றவன் அவள் புருசன் கஜீபன், துறைமுகத்தில் கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டப் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம், வேலையோ என்னவோ, பெண்சாதியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கச் சுழியோடிக்குக் கடலுக்கடி வசதியான இடம்தான்... நிவேதிகா பின்விறாந்தை மேசையில் காற்றுத் துவக்கைக் கிடத்தி, அதன் அடிப்பக்கத்துச் சின்ன அமுக்கமானியைக் குனிந்து பார்த்தாள். எழுபத்தைந்தில் நிற்க வேண்டிய முள் எண்பத்தைந்தையும் தாண்டி நின்றது. நேற்றுச் சீனக்குடாப் பயிற்சியில், ஓய்வெடுத்து எழும்பிச் சுட்ட முதற்குண்டு ஒவ்வொன்றும் மேலே மேலே போனதற்கு இதுதான் காரணம், பயிற்றுநர் வேறு, உமக்கு மூச்சடக்கத் தெரியேல்லை என்று எல்லாருக்கும் முன்னால்... மூச்சாம். நாளைக் காலை கொழும்பு பஸ், அதற்கடுத்த நாள் தேசிய அணிக்கான தெரிவு, இன்றைக்குப் பார்த்துத் துவக்கு இப்படி. யாரோ ரெகுலேற்றரின் அமுக்கத் திருகாணியைத் திருகியிருக்கிறார்கள். அது அவன்தான் என்று இன்றைக்கு நிச்சயமானால், நாளை பஸ் ஏறுகிறவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை, தெரிவானாலும் சரி, தோற்றாலும் சரி, குச்சவெளியில் அம்மா வீடு இருக்கிறது, அவள் படிப்பிக்க அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது, மாற்றம் கேட்டால் கொடுக்காமலா விடுவார்கள். காலையில் பல் தீட்டும்போதே எடுத்த முடிவு அது, வாய் நிறைய நுரையோடு.

எதற்காகச் செய்திருப்பான்... எதற்காகவா, தெரிவானால் ஆறு மாதம் கொழும்பு முகாமில் தங்க வேண்டும், அது அவனுக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம், சமாதானமும் ஆகியிருக்கலாம், அவன் சொல்லவில்லை. கப்பல்துறைக் கலியாண வீட்டில், ஊரெல்லாம் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, ரீச்சர் கொழும்புக்குப் போறாவாமே என்று யாரோ கேட்டதற்கு, கையில் கேக் துண்டோடு, "அவவுக்கேன் கொழும்பு? பத்து மீற்றருக்கு அங்கால நிக்கிறது ஒண்டும் அவவுக்குத் தெரியாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பத்து மீற்றர் தூரத்து இலக்கைச் சுடுகிறவளைப் பார்த்துச் சொல்லுவதற்கு எவ்வளவு கெட்டிக்காரப் பகிடி, அவளுடைய சொந்தச் சித்தி கூடப் புரைக்கேறச் சிரித்தாள். அவளும் சிரித்தாள், அதுதான் இன்னும் ஆறவில்லை, ஏன் சிரித்தாள், கையில் இருந்த தட்டை அப்படியே அவன் மடியில் கவிழ்த்திருக்க வேண்டாமா. அன்றிலிருந்து வீட்டில் கதை இல்லை. சோறு இருக்கு, ஓம், கதவைப் பூட்டும், ஓம், அவ்வளவுதான்.

"பிள்ளை!" குசினிக்குள் இருந்து மாமி தங்கரத்தினத்தின் குரல். "மானுகள் செவ்வரத்தையை முழுக்கத் திண்டிட்டுது. உந்தத் துவக்கால ஒருக்கா வெருட்டினால் என்ன?"

"இது வெருட்டுற துவக்கில்லை மாமி."

"ஒரு குரங்கையாவது கலைச்சுதோ இதுவரைக்கும்? அப்ப என்னத்துக்கு உது?"

என்னத்துக்கு உது... துவக்கைப் புரட்டிக் கிடத்தினாள். சொன்னால் விளங்குமா, துவக்கின் சிலிண்டருக்குள் இருநூறு பார் அமுக்கத்தில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது மாமி, அதை அப்படியே விட்டால் ஒரு குண்டு வேகமாகவும் அடுத்தது மெதுவாகவும் போகும், ரெகுலேற்றர்தான் வாசலில் நின்று அளந்து அளந்து விடுகிறது, எழுபத்தைந்து ஆனதும் கதவைச் சாத்திவிடுகிறது, அதனால்தான் குண்டுகள் ஒரே ஓட்டைக்குள் போகின்றன, உங்கள் மகனுடைய வாய்க்கும் அப்படி ஒன்று பூட்டியிருந்தால் இந்த வீட்டில் இன்றைக்குச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்போம்... எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரித்தான் சொல்ல வேண்டும். வேண்டாம். மாமியின் அகப்பை சட்டியில் தட்டும் சத்தத்திலேயே அவள் யார் பக்கம் என்பது கேட்கிறது.

திருகாணியை முதலில் பார்க்க வேண்டும். அதன் தலைக்கும் உடம்புக்கும் குறுக்கே சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் அவள் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள், யாராவது மயிரிழை திருகினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தாள். கோடு முறியவில்லை. நேராக இருந்தது. ஒரு நிமிடம் மூச்சு இலேசாகி... இல்லை, இல்லை, முறிந்த கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போட எவ்வளவு நேரம் பிடிக்கும், அந்தக் கியூடெக்ஸை வாங்கித் தந்தவனே அவன்தானே, அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்றும் தெரியும். கடலுக்கடியில் கை நடுங்காமல் வேலை செய்கிறவனுக்கு ஒரு கோடு போடத் தெரியாதா. எவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருக்கிறான் பார், களவிலும் ஒரு வடிவு.

சரி, கண்ணை நம்ப வேண்டாம், முள்ளைக் கேட்கலாம். திருகாணியைத் திருகியிருந்தால் முள் புது இடத்துக்குப் போய் அங்கேயே அசையாமல் நிற்கும். உள்ளே காற்று கசிந்தால் முள் சரியான இடத்துக்கு வந்து, பிறகு மெல்ல மெல்ல ஏறும். இரண்டுக்கும் நடுவில் வேறு வழியில்லை. சுவரோரம் பழந்துணி அடைத்த பெட்டியைப் பார்த்து ஒரு குண்டு சுட்டாள். முள் விழுந்து எழும்பியது. இன்னொன்று. இன்னொன்று. எண்பத்தைந்தில் நில், நில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முள் எழுபத்தைந்துக்கு வந்து நின்றது. துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது, குசினியில் தாளிதம் வெடித்தது, மான் ஒன்று வேலிக்கு வெளியே நின்று தைரியமாகச் சப்பிக்கொண்டிருந்தது, முள் எழுபத்தாறுக்கு வந்தது. எழுபத்தெட்டு. யாரோ பின்னால் நின்று சுண்டுவிரலால் தள்ளுவது போல, எண்பது... கசிவு. திருகாணி இல்லை, உள்ளே.

அப்படியென்றால் உள்ளே எதையாவது போட்டிருக்கிறான். மண். உப்பு. அவன் உடம்பெல்லாம் உப்புத்தானே, படுக்கையிலும் உப்பு. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சிலிண்டர் முள்ளும் ரெகுலேற்றர் முள்ளும் பூச்சியத்தில் படுத்ததைப் பார்த்த பிறகுதான் திருகுசாவியைத் தொட்டாள், கோபத்தில் காற்றோடு திறந்தால் முகமே மிஞ்சாது, அந்த அளவுக்குப் புத்தி இன்னும் இருந்தது. சிவப்புக் கோடு அவள் கையாலேயே முறிந்தது. ரெகுலேற்றரை வெளியே இழுத்து வெள்ளைத் துணியில் தட்டினாள். மண் விழவில்லை. ஒரு துளி தண்ணீர் விழுந்தது. காற்றுக் கதவு உட்காருகிற பித்தளை விளிம்பில் பச்சையாய்க் கறள் பிடித்திருந்தது, பக்கத்தில் ஊறிப் பருத்த றப்பர் வளையம். துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பில்லை. நல்ல தண்ணீர்.

நல்ல தண்ணீர் எங்கிருந்து... தொட்டி. உப்புவெளியில் பஸ்லானுடைய சுழியோடிக் கடையில், துவக்குக்குக் காற்றேற்றுகிற பெரிய சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி வைத்துத்தான் காற்றடிப்பார்கள், சூடேறாமல் இருக்க. வெளியே எடுக்கும்போது வால்வின் வாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும், ஊதி எறியாவிட்டால் அது காற்றோடு துவக்குக்குள் போகும். குழாயைப் பூட்டுவதற்கு முன்னால் கஜீபன் எப்போதும் வால்வை ஒரு கணம் திறந்து மூடுவான், ஸ்ஸ் என்று சீறும், அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது, என்ர காத்தை ஏன் வீணாக்கிறியள் என்று கத்துவாள், அவன் சிரிப்பான், ஒருநாளாவது விளக்கம் சொன்னானா. கலியாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூட மைதானத்துக்கு முதன்முதல் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த அன்றும் அப்படித்தான் செய்தான், சாரல் அவள் சட்டையில் அடித்தது, அவனைக் கட்டலாம் என்று தோன்றியதும் அப்போதுதான்... கதை நின்ற பிறகு சிலிண்டரை அவளே ஓட்டோவில் கொண்டுபோய், அவளே கொண்டுவந்து, அவளே பூட்டினாள். ஒரு சொட்டுக் காற்றுக்கூட வீணாகாமல். அவனிடம் கேட்கக் கூடாது என்று எவ்வளவு கவனமாகச் செய்தாள்.

"தண்ணியோ?"

வாசற்படியில் கஜீபன், தலைமயிர் காயவில்லை, முகமூடி அழுத்திய தடம் கண்களைச் சுற்றி இன்னும் சிவப்பாய். எவ்வளவு நேரமாய் நிற்கிறான்.

"ஓம்."

"வால்வை ஊதாமலோ பூட்டினனீர்?"

"ஊத வேணுமெண்டு ஆர் எனக்குச் சொன்னது?"

"ஒவ்வொரு முறையும் ஊதினனான், பார்த்துக்கொண்டுதானே நிண்டனீர்." கையை நீட்டினான். "தாரும், நான் துடைச்சுத் தாறன்."

"வேண்டாம். நீங்கள் திருகிப்போட்டியள் எண்டு நினைச்சன்."

அவன் கை அப்படியே நின்றது. "நானோ?" என்றான். பிறகு, "நான் திருகியிருந்தா உமக்குத் தெரிஞ்சே இருக்காது" என்று ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தான், அது சரியாக வரவில்லை. பகிடி, எப்போதும் ஒரு பகிடி. கத்தியிருந்தால் என்ன, மேசையைத் தட்டியிருந்தால் என்ன.

கறளைத் துடைத்து, பருத்த வளையத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டு, மூடி, பெரிய சிலிண்டரை அருகே இழுத்தாள். வால்வை ஒரு கணம் திறந்தாள். ஸ்ஸ். மணிக்கட்டில் சாரல் குளிர்ந்தது, அவன் பார்த்துக்கொண்டு நின்றான், அதுவும் எரிச்சலாக இருந்தது. மெதுவாகக் காற்றேற்றிச் சுட்டபோது முள் எழுபத்திரண்டில் நின்றது. மறுபடி காற்றை இறக்கினாள், திருகாணியை ஒரு மயிரிழை திருகினாள், மறுபடி ஏற்றினாள், மறுபடி சுட்டாள். எழுபத்தைந்து.

"சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் வாங்கோ" என்றாள் மாமி உள்ளேயிருந்து. அவன் போகவில்லை. "கொழும்பால எப்ப வாறீர்?" என்று கேட்டான், மெதுவாக, பகிடி இல்லாமல், கலியாண வீட்டுக்குப் பிறகு, துவக்கைப் பற்றியல்லாமல் அவளைப் பற்றி அவன் கேட்கிற முதல் கேள்வி அது. பதில் சுலபமானது, அவன் திருகவில்லை, அப்படியென்றால் அவள் வருகிறாள், காலையில் போட்ட கணக்கு அதுதானே... அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழுபத்தைந்தில் அசையாமல் நின்றது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், கொஞ்சம் பொறுத்து ஏறலாம், என்று குனிந்தபடியே இருந்தாள், ஏறிவிடக் கூடாது என்றில்லை, ஏறட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.