முனாஸ் நானாவையே கூப்பிடுங்க

மாம்புரியில் போட் எஞ்சின் திருத்துகிறவன் நான். இருபத்திரண்டு வருடம் கடலுக்குப் போகிற எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவனிடம் புல்லு வெட்டுகிற மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னால் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் கூப்பிட்டவர் ஸாஜிதா டீச்சர். எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். பென்சனுக்குப் பிறகு கடலை ஒட்டிய களப்போரம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். மறுக்க முடியுமா? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

“இன்னாசிதான் உன்னயே கூப்பிடச் சொன்னாரு. வேற ஆள் வேணாமாம்,” என்றார் டீச்சர்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தோட்டக்காரர் இன்னாசித்தம்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். டீச்சர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தணித்தார்.

“போன வருஷமும் ஒரு மெஷின் இவர்ட கையிலதான் ஒடஞ்ச. இதுவும் இவர்ட கவலயீனம் எண்டா நாளையில இருந்து வர வேணாம் எண்டு சொல்லிட்டன். நீ உள்ளத உள்ளபடி சொல்லு.”

அறுபதைத் தொட்ட மனிதருக்கு இந்தப் பக்கத்தில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அவருடைய சோறு என் வாய்ச் சொல்லில் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

“எப்பண்ணே நிண்டது?” என்று இன்னாசி அண்ணனிடம் கேட்டேன்.

“சனிக்கிழம நானா. பெற்றோல் ஊத்தினன். கொஞ்ச நேரம் ஓடிச்சு. வெள்ளப் புக வந்து நிண்டுட்டு.” முஸ்லிம் ஆண்களை வயது பாராமல் நானா, அதாவது அண்ணன், என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

எந்த மெக்கானிக்கும் முதலில் டேங்கைத்தான் பார்ப்பான். நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை அவர் பெற்றோல் வாங்கியது, கேனில் எண்ணெயும் விற்கிற என் கடையில். என் பெற்றோலில் நானே குறை காண்பதா?

கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கயிறு கையை எதிர்த்தது, எஞ்சினுக்குள் அழுத்தம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு அவரை இழுக்கச் சொன்னேன். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. காற்று வடிகட்டியைத் தட்டினேன்; புல்தூசி கொஞ்சம், மூச்சை அடைக்கிற அளவுக்கு இல்லை. காபரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினேன். அது நிறைந்திருந்தது. முகர்ந்தும் பார்த்தேன், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் போட் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. அவற்றோடு கிடந்து கிடந்து என் மூக்கு செத்துப் பல வருடம். வீட்டில் சோறு அடிப்பிடித்தால் அடுத்த வீட்டுக்காரன் வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும் என்பாள் என் மனைவி ஸுலைஹா.

ஒரு மணித்தியாலம் போய்விட்டது. டீச்சர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் என் மோட்டார் சைக்கிளில் இருந்து கொஞ்சம் பெற்றோல் எடுத்து பிளக் ஓட்டையில் விட்டு, பிளக்கைப் பூட்டி இழுத்தேன். எஞ்சின் நாலைந்து தரம் வெடித்து ஓடி நின்றது. அப்படியென்றால் குறை எஞ்சினில் இல்லை. டேங்கில் கிடப்பதில்தான்.

பழைய பத்திரிகைத் தாள் ஒன்றில் இரண்டு சொட்டு விட்டேன். ஒன்று மோட்டார் சைக்கிள் பெற்றோல், மற்றது டேங்கில் இருந்தது. முதல் சொட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. மற்றது எண்ணெய்க் கறையாகப் பரந்து அப்படியே கிடந்தது.

“மண்ணெண்ணெய்,” என்றேன்.

“பாத்தியா!” டீச்சருக்குக் குரல் ஏறிவிட்டது. “பெற்றோல வித்துப்போட்டு மண்ணெண்ணெய ஊத்திரிக்காரு.”

இன்னாசி அண்ணன் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கடைப் பெற்றோலை வாங்கிக்கொண்டு போய் இந்த வேலையா? ஏசுவதற்கு வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. புத்தளத்தில் எஞ்சின் உதிரிப் பாட்ஸ் விற்கிறவனோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டே, பார்க்காமல்தான் இவருடைய கேனை நிரப்பினேன். கடையில் பெற்றோல் கேனுக்குச் சிவப்புத் துணி, மண்ணெண்ணெய்க் கேனுக்கு நீலத் துணி கட்டியிருப்பேன். அன்று பின்னேரம் பார்த்தால் நீலத்தில் ஐந்து லீற்றர் குறைவு, சிவப்பு தொடாமல் அப்படியே இருந்தது. அடுப்பு மூட்ட ஊற்றிக் கரைத்துவிட்டாய் என்று ஸுலைஹா மேல் பாய்ந்தேன். அல்லாஹ் மேல் ஆணையாகத் தொடவில்லை என்றாள். நான் நம்பவில்லை. மூன்று நாளாக அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சும்மா இருந்தால் போதும், என் பெயர் தப்பும். நடுக்கடலில் தங்கள் உயிரை என் கைவேலையை நம்பி விடுகிறவர்கள் மாம்புரிக்காரர்கள். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று கேள்விப்பட்டால் யார் என்னிடம் வருவார்கள்? பொய் சொல்லக் கூடாது, கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

“டீச்சர், இவர்ட கேன்ல அத ஊத்தின நான். கேன் மாறிட்டு. இவர்ல ஒரு பிழயும் இல்ல.”

கணக்குப் பிழைத்தால் பார்க்கிற அதே பார்வை. பிறகு டீச்சர் இன்னாசி அண்ணனிடம் திரும்பினார். “நான் கதச்சது பிழ. மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு வழமபோல வாங்க,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

இருவருமாக டேங்கைக் கவிழ்த்து வடித்தோம், கிண்ணத்தைக் கழுவினோம். மோட்டார் சைக்கிளில் இருந்து பெற்றோல் இறக்கி ஊற்றினோம். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. அவர் ஒரு வரிசை வெட்டிப் பார்த்து நிறுத்தினார்.

“உங்களுக்கு அண்டைக்கே மணம் தெரிஞ்சிரிக்குமே அண்ணே,” என்றேன். “பொறகு ஏன் என்னயே கூப்பிடச் சொன்னீங்க? வேற மெக்கானிக் வந்திருந்தா அஞ்சு நிமிசத்துல கண்டு பிடிச்சிருப்பான்.”

“ஓம் நானா. மண்ணெண்ணெய் எண்டு கண்டு பிடிச்சிருப்பான்.” சக்கரத்தில் சிக்கிய புல்லைக் குனிந்து எடுத்தார். “ஊத்தினது ஆரெண்டு உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்.”

பிறகு கயிற்றை இழுத்தார். இந்தத் தடவை ஒரே இழுப்பில் பிடித்தது.