என் மகனும் இங்கேதான் படிக்கிறான்

டெங்ஃபெங் பேருந்து நிலையத்தில் இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறவர்களை நான் ஐம்பதடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பையனுக்குத் தலையை ஒட்ட வெட்டியிருப்பார்கள். கையில் புதுப் போர்வை மூட்டை இருக்கும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இங்க எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?"

எங்கள் ஊரில் குங்ஃபூ பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில்தான் விழவேண்டும். நான் அவர்களை வேனில் ஏற்றி எட்டுமலைப் பள்ளியில் கொண்டுபோய் இறக்குவேன். பிள்ளை சேர்ந்தால் பள்ளி எனக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? என் புருஷன் செத்த பிறகு பதினோரு வருஷமாக இந்த மா ஜிங்லான் இப்படித்தான் வயிற்றைக் கழுவுகிறாள்.

எங்கள் தொழிலில் கடைசியாக எடுத்துவிடுகிற ஒரு வார்த்தை உண்டு. எவ்வளவு சுற்றிக் காட்டினாலும் பெற்றவர்களுக்கு மனசு ஆறாது. போகிற நேரத்தில், "உங்க பிள்ளை எங்க படிக்குது?" என்பார்கள். கண்ணை இமைக்காமல் சொல்ல வேண்டும்: "இங்கதான். மூணாம் அணி." நிலையத்தில் நிற்கும் ஒன்பது வேன்காரர்களின் பிள்ளைகளும் எட்டுமலையில்தான் படிக்கிறார்கள், எங்கள் பேச்சில். நிஜத்தில் ஒருத்தர் பிள்ளைகூட அந்த வாசலை மிதித்ததில்லை. என் மகன் ஷாவ்பெங் ஜெங்ஜோவில் செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். கொசுவைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாதவன்.

மார்ச் மாதம், சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து கூட்டம் அள்ளுகிற நேரத்தில், ஹாவ் லைஷுன் வந்தான். நாற்பது வயதுகூட இருக்காது, ஆனால் பத்துப் படி ஏறிவிட்டு ஐந்து நிமிஷம் நின்றான். கூடப் பத்து வயதுப் பெண். கன்னத்தில் காய்ந்துபோன நகக்கீறல்.

"யாரோடடி சண்டை?" என்றேன்.

"மூணு பேரோட."

"ஜெயிச்சியா?"

"ரெண்டு பேரை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பெயர் யான்லிங்.

"அக்கா, நான் அவசரப்பட மாட்டேன். நாலு இடம் பார்த்துத்தான் சேர்ப்பேன்," என்றான் லைஷுன்.

"நாப்பது இடம் பாரு தம்பி, யாரு வேண்டாங்கறா? மொதல்ல வேன்ல ஏறு."

வழியில் ரொட்டி வாங்க அவளை இறக்கிவிட்டான். அவள் அந்தப் பக்கம் போனதும் இரும ஆரம்பித்தான். வேனே குலுங்கியது.

"கல்லுக்குழியில பதினாறு வருஷம் துளை போட்டேன் அக்கா. நெஞ்சு பூரா கல்தூசி. டாக்டரு சோள அறுப்பு வரைக்கும்தான் தாங்குவேன்னு சொல்லிட்டாரு. அவ அம்மா போயி ஏழு வருஷம் ஆச்சு, எங்க இருக்கான்னே தெரியாது. வீட்டை வித்துட்டேன். பதினெட்டு வயசு வரைக்கும் இவளை வெச்சுக்கற இடம் வேணும். புத்தாண்டுக்குக்கூட வெளிய அனுப்பக் கூடாது. போறதுக்கு இவளுக்கு வீடு இருக்காது."

"அவளுக்குத் தெரியுமா?"

"இருமல்னு தெரியும்."

எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறேன். அடங்காத பையன், படிப்பு ஏறாத பையன், சினிமாவில் பறக்க ஆசைப்பட்ட பையன். இப்படி ஒருத்தன் வந்ததில்லை. மனசு கனத்தது. கனத்த மனசோடுதான் எட்டுமலைக்கு வண்டியைத் திருப்பினேன்.

அங்கே மைதானத்தில் இரண்டாயிரம் பிள்ளைகள் சிவப்புச் சட்டையோடு ஒரே நேரத்தில் காலைத் தூக்கி ஒரே நேரத்தில் தரையில் அடித்தார்கள். மற்ற பெற்றவர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு செல்போனில் படம் எடுத்தார்கள். லைஷுன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கழிப்பறைக்குப் போனான். சமையற்கட்டுக்குப் போனான். படுக்கைகளை எண்ணினான், ராத்திரி பிள்ளைகளுக்குத் துணையாக யார் படுப்பது என்று கேட்டான். பிறகு வழியில் போன மூன்று பிள்ளைகளை நிறுத்தி, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றான்.

மூன்று பேரும் விறைத்து நின்று, "இறைச்சி, கீரை, முட்டை!" என்றார்கள்.

"மூணு பேருக்கும் ஒரே வாயா அக்கா?" என்றான் என்னிடம் மெதுவாக.

கெட்டிக்காரன். வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை.

வேண்டா வெறுப்பாக இன்னும் இரண்டு இடம் காட்டினேன். கடைசியில் அவனே வழி விசாரித்து, பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் மெங் வாத்தியாரின் இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னான். மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். அந்த மனுஷன் எந்த வேன்காரருக்கும் ஒரு தேநீர்கூட வாங்கித் தந்ததில்லை, அதனால் எங்களில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டான்.

"முட்டைக்கோஸு," என்றான் ஒரு பொடியன். "அதுக்கு முந்தின நாளும் முட்டைக்கோஸு. வாத்தியாருக்கு அது ஒண்ணுதான் சமைக்கத் தெரியும்."

மெங் பக்கத்திலேயேதான் நின்றார். "டேய், போன வாரம் உருளைக்கிழங்கு போட்டேனே, அது உன் வயித்துக்குள்ள போகலையா?" என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அடியாத மாடு படியாதுன்னு சொல்றாங்க. நீங்க அடிப்பீங்களா?" என்று கேட்டான் லைஷுன்.

"அடிச்சுப் பார்த்தேன். அடி வாங்கினவனுங்க ஓடிப்போயிட்டானுங்க. மிச்சம் இருக்கறது அடிக்காததுங்கதான்."

பிறகு யான்லிங்கைக் கால் அகட்டி, முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னார். குனிந்து அவள் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். "பாதம் உள்பக்கமா சாயுது. ஆறு மாசம் நிக்கத்தான் சொல்லித்தருவேன், குதிக்க விடமாட்டேன். பரவாயில்லையா?"

"ஆறு மாசமா!" என்றாள் அவள், முகத்தைச் சுளித்து.

வேனுக்குத் திரும்பும்போது லைஷுன் முகத்தில் முதன்முதலாக ஒரு தெளிச்சி. "இதுதான் அக்கா. வாத்தியாரை வெச்சுக்கிட்டே குறை சொல்ற பிள்ளைங்க. இங்கேயே விட்டுடறேன்."

ஒருநாள் முழுக்க வண்டி ஓட்டி, எட்டு வருஷப் படிப்புக்குச் சேர வந்த பிள்ளையைக் கை நழுவ விடுவதா? வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தம்பி, உன் நல்லதுக்குச் சொல்றேன். அந்தாளுக்கு அரசாங்க அனுமதி இல்ல. சின்னப் பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக்கிட்டு வர்றாங்க. நாளைக்கு வந்து இதையும் பூட்டினா இவ எங்க போவா? தெருவுலயா?"

பாதி உண்மை. அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தார், வரவேண்டியதுதான் பாக்கி. மே மாதம் வந்தும்விட்டது. ஆனால் அந்தப் பாதி போதும், அவனுடைய பயத்தின் மேலேயே நான் கையை வைத்துவிட்டேன். அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. உங்க பிள்ளை எங்க படிக்கிறான்?"

"எட்டுமலைலதான். மூணாம் அணி. பேரு ஷாவ்பெங்."

"தாய் பொய் சொல்லமாட்டா. நீங்க உங்க பிள்ளையை விட்ட இடத்துல நானும் விடறேன்," என்றான்.

சேர்க்கை விண்ணப்பத்தில், உள்ளூர் உறவினர் பெயர் எழுத ஓர் இடம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "உங்க பேரைப் போட்டுக்கட்டுமா அக்கா? இங்க எனக்கு யாரும் இல்ல."

"போடு தம்பி. உன் மக எனக்கு மருமக மாதிரி இல்லையா? வாரா வாரம் வந்து பார்த்துக்கறேன்."

இதையும் நாங்கள் எல்லாரிடமும் சொல்வோம். கேட்பவர்களும் ஒரு மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இவன் எழுதினான். மா ஜிங்லான், அத்தை. பிறகு மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டே சொன்னான்: "எதாவது ஒண்ணுன்னா வாத்தியாருங்ககிட்டப் போய் நிக்காத, முறையிடுற பிள்ளைன்னு பேரு வந்துடும். ஷாவ்பெங் அண்ணன் இருக்கான். அவன்கிட்ட சொல்லு. அவன் அத்தையைக் கூட்டிட்டு வருவான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் எட்டுமலை வாசலுக்கு நான் நாற்பது தடவையாவது போயிருப்பேன், வேறு பிள்ளைகளோடு. ஜூன் மாதம் ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் யான்லிங் நின்றாள். மொட்டைத் தலை, கறுத்துப்போயிருந்தாள். அவள் என் பக்கம் திரும்பப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வாரா வாரம் என்று சொன்னவள் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

அக்டோபரில் பள்ளி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "நீங்கதானே ஹாவ் யான்லிங்கோட அத்தை? அரசு மருத்துவமனைக்கு வாங்க. கையெழுத்து வேணும்."

'நான் அத்தை இல்லை' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பொய் சொல்வானேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னைப் பார்த்ததும் எரிந்து விழுந்தாள். "நீங்கல்லாம் மனுஷங்கதானா? கணுக்கால் உடைஞ்சு பன்னெண்டு நாள் ஆகுது. உடைஞ்ச காலோட பயிற்சி எடுத்திருக்கா, துணியைச் சுத்திக்கிட்டு. எலும்பு கோணலா கூட ஆரம்பிச்சுடுச்சு. திறந்து, பிரிச்சு, தகடு வெச்சுப் பொருத்தணும். அப்பவும் நடை நேராகாது. குதிக்கறது எகிறறது எல்லாம் மறந்துடுங்க."

பள்ளி அலுவலர் பக்கத்திலிருந்து, "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. சோம்பேறித்தனம் பண்றான்னு நினைச்சு வாத்தியாரு ரெண்டு போட்டிருக்காரு, அப்பவும் சொல்லல," என்றார். அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. எந்த முகத்தோடு உலுக்குவது?

கையெழுத்துப் போட அவள் அப்பாவைத்தான் கூப்பிட வேண்டும் என்று லைஷுன் எண்ணை அழுத்தினேன். யாரோ கிழவர் எடுத்தார்.

"லைஷுனா? அவன் கண்ணை மூடி நாப்பது நாள் ஆச்சேம்மா. போனு இப்ப என்கிட்ட இருக்கு. நீ யாரு?"

"டெங்ஃபெங்ல இருந்து பேசறேன். ஜிங்லான்."

"அடடே, அந்த அக்காவா!" கிழவர் குரல் இளகிவிட்டது. "ஓயாம உன் பேச்சுதான்மா. என் பொண்ணு பத்திரமா இருக்கா, அங்க அக்கா இருக்காங்க, அவங்க பையனும் கூட இருக்கான்னு சொல்லிக்கிட்டேதான் கிடந்தான். நிம்மதியாப் போயிட்டான். குழந்தைக்கு இப்ப சொல்ல வேண்டாம், புத்தாண்டுக்கு அக்கா பக்குவமா சொல்லுவாங்கன்னான். அவ எப்படிம்மா இருக்கா?"

"நல்லா இருக்கா," என்றேன்.

பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு அலுவலர் நீட்டிய தாளில் உறவு என்ற இடத்தில் அத்தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

யான்லிங் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை! ஷாவ்பெங் அண்ணன் சொல்லித்தானே வந்தீங்க?"

"ஏன்டி வாயைத் திறந்து யார்கிட்டயும் சொல்லல?"

"அப்பா அண்ணன்கிட்டதானே சொல்லச் சொன்னாரு. மூணாம் அணியில கேட்டேன், அப்படி யாரும் இல்லன்னு சிரிச்சாங்க. ஒருவேளை அணி மாத்திட்டாங்களோன்னு தினம் சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு அணியா போய்க் கேட்டேன். மைதானம் ரொம்பப் பெருசு அத்தை. கால் வலிச்சதால ஒருநாளைக்கு ஒரு அணிதான் முடிஞ்சுது. பன்னெண்டு ஆச்சு. இன்னும் நாலு பாக்கி, அதுக்குள்ள விழுந்துட்டேன்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஷாவ்பெங் அங்க இல்லடி. எந்த அணியிலயும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. நான் உங்க அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள், திட்டுவாள், கையில் இருந்த தண்ணீர்க் குவளையை என் மேல் வீசுவாள் என்று காத்திருந்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

குவளையை ஓரமாக வைத்தாள். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், "அப்ப அவருகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. காலைப் பத்தியும் சொல்லாதீங்க. கவலைப்பட்டா அவருக்கு இருமல் ஜாஸ்தியாயிடும்," என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா," என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.