இருநூற்றுப் பதினைந்தாவது வரி

வெள்ளத்தில் இறந்தவர்களில் முதலாமவர், தன் வயது தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பத்திரண்டு அல்ல, நாற்பத்தொன்பது. வாசல் காவலாளி அவரைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி, வந்த காரணம் என்ற கட்டத்தில் 'திருத்தம்' என்று தானே எழுதி, மூன்றாம் மாடிக்கு அனுப்பினார். அங்கே தரவுப் பிரிவு என்பது ஒரே ஒரு நிருபர்தான். புதுப் போன்களின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எழுதி வேலையைத் தொடங்கியவள். பத்து வருடம் கணினி அட்டவணைகளோடு மல்லுக்கட்டியவள். அணை திறந்து கீழ்த்தெருக்கள் மூழ்கியபோது, அரசு முப்பத்தொன்று என்று சொன்ன சாவுக் கணக்கை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து இருநூற்றுப் பதினான்கு என்று இணையதளத்தில் ஏற்றியவள். ஆளுக்கு ஒரு வரி. இரண்டு சாட்சி இல்லாமல் எந்த வரியும் ஏறாது என்பது அவள் விதி.

அதன்பின் நாளுக்கு நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவருக்கு எழுத்துப்பிழை. ஒருத்திக்குத் தொழில் 'இல்லை' என்று போட்டது பிடிக்கவில்லை. "ரெண்டு வீட்டு வேலை, மூணு புள்ளைங்க. இதுக்குப் பேரு இல்லையா?" நிருபர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினாள். கூட்டத்தைப் பார்த்த ஆசிரியர் கூடுதலாக நாலு நாற்காலி போடச் சொன்னார்.

வீட்டில் அம்மாவுக்குத் தினமும் ஒரே கேள்வி. "தம்பி உன் லிஸ்ட்ல இல்லையே?"

"இல்லம்மா."

அது பொய்யில்லை. வெள்ளத்தன்று செல்போன் கோபுரம் பழுதுபார்க்கப் போன தம்பியைக் கடைசியாகப் பார்த்தவர் என்று யாரும் கிடைக்கவில்லை. அந்த ஒரு 'இல்லை'யை வைத்துக்கொண்டுதான் அம்மா மூன்று வருடம் சாப்பிட்டாள், தூங்கினாள்.

நான்காம் வருடம் தம்பி வந்தான். மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு, மதியம் வரை கடைசி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் பார்க்காதவள் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையும் போட்டுடுக்கா."

"சாட்சி வேணும்டா. ரெண்டு பேரு." யாரும் இருக்கக் கூடாதே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

அவன் பக்கத்து நாற்காலிகளில் இருந்த எண்பத்தெட்டாம் வரிக்காரரையும் அவர் மனைவியையும் கைகாட்டினான். "ஒரே கம்பியைப் பிடிச்சிட்டிருந்தோம்மா," என்றார் அவர். "எங்களை மேல தள்ளிவிட்டுட்டு இவரு கையை விட்டுட்டாரு. எங்களுக்கும் அது பிரயோஜனப்படல."

அவனிடம் கேட்டு எழுத வேண்டியது எதுவுமில்லை. பெயர், வயது, தொழில் எல்லாம் அவள் விரல்களுக்கே தெரிந்திருந்தது. "அம்மாகிட்ட நீயே சொல்லிடு," என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

அன்று மாலையும் அம்மா கேட்டாள். மகள் தோள்பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இளைச்சிருந்தானா?"

"இல்லம்மா. அப்படியேதான் இருந்தான்."

மறுநாள் காலை அம்மா மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். கடைசி நாற்காலி இன்னும் ஈரமாக இருந்தது. துடைக்க வந்த பெண்ணை வேண்டாமென்று தடுத்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்தாள்.